ஆஃப்-ரோடு எஸ்யூவி: வேரியன்ட்டையும் ஆப்ஷனையும் அடியிலிருந்து ஒப்பிடுவது எப்படி?

புது ஆஃப்-ரோடு எஸ்யூவியின் பிரோஷரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முதல் பக்கங்களில் வண்டி மணல்மேட்டில் பறக்கும், ஓடைத் தண்ணீரைச் சிதறடிக்கும். அடுத்த பக்கங்களில் தொடுதிரை, தையல் போட்ட சீட், கண்ணாடிக் கூரை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) விகிதம் என்ன, பின் ஆக்ஸிலில் (சக்கர அச்சு) இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக் உண்டா, எந்த வேரியன்ட்டுக்கு எந்த டயர் என்பதெல்லாம் கடைசிப் பக்க அட்டவணையில் பொடி எழுத்தில் கிடக்கும். அதற்கும் கீழே, இன்னும் பொடியாக, நட்சத்திரக் குறி போட்ட வரிகள். சேற்றில் உங்களை வெளியே கொண்டுவரப் போவதும் நடுவில் நிறுத்தப் போவதும் அந்தப் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறது.

ஐந்து வேரியன்ட், ஏழெட்டு பேக் (கட்டாக விற்கும் ஆப்ஷன்கள்), இரண்டு கியர்பாக்ஸ் என்று பட்டியல் விரியும்போது தலை சுற்றுவது இயல்பு. நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சலிப்பேன்: இதை வண்டி வாங்கிய பிறகு வெளியே பொருத்திக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதற்காக மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம். முடியாது என்றால், அல்லது முடிந்தாலும் வண்டியைப் பிரித்துப் போட்டால்தான் முடியும் என்றால், அதற்காக மட்டும் மேலே போகலாம்.

படி 1: வண்டியைப் பார்க்கும் முன் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளில், கடந்த ஓராண்டில் நீங்கள் உண்மையில் ஓட்டிய கரடுமுரடான பாதைகளை எழுதுங்கள். போக ஆசைப்படும் பாதைகள் வேறு தாளில் இருக்கட்டும். இரண்டு தாளையும் கலந்தால் பணம்தான் கரையும்.

பாதைக்குப் பாதை தேவை மாறும். பாறையில் ஏறுபவருக்கு வண்டியை மிக மெதுவாக ஊர வைக்கும் கியர் விகிதம், டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) லாக், அடியில் தகடு மூன்றும் வேண்டும். மணலில் லாக்கைவிட டயர் காற்றைக் குறைப்பதும், வண்டி எடை குறைவாக இருப்பதும், எஞ்சின் சுணங்காமல் இழுப்பதும் பெரிது. சேற்றுக்கு முதல் மருந்து டயரின் பட்டை. நாள் முழுக்கச் சரளைப் பாதையில் குடும்பத்தோடு போகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல ஷாக் அப்சார்பர், முழு அளவு ஸ்டெப்னி, சுமை தாங்கும் திறன். இந்தக் கடைசி வகையினர்தான் பெரும்பாலோர். ஆனால் வாங்கும்போது பாறை ஏறுகிறவர்போலப் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன்.

எத்தனை பேர், எவ்வளவு சாமான், டிரெய்லர் இழுப்பீர்களா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். படி 6-இல் இது தேவைப்படும்.

படி 2: அட்டவணையை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

பிரோஷர் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போடுங்கள்.

முதல் கூடை எலும்பு. டிரான்ஸ்ஃபர் கேஸ், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் கியர் நிலை), ஆக்ஸில், அதன் பற்சக்கர விகிதம், பிரேக்கின் அளவு, ஏர் சஸ்பென்ஷன், ஏர்பேக், சீட் வரிசைகளின் எண்ணிக்கை, வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்). இவற்றை வாங்கிய பிறகு மாற்ற நினைப்பது வீடு கட்டிய பிறகு அஸ்திவாரத்தை மாற்ற நினைப்பதுபோல.

இரண்டாவது கூடை சதை. மாற்றலாம், ஆனால் செலவும் தலைவலியும் வாரண்டிச் சிக்கலும் உண்டு: டிஃபரன்ஷியல் லாக், ஷாக், ஸ்பிரிங், பெரிய ஆல்டர்னேட்டர் (வண்டிக்கு மின்சாரம் தருவது), முன் கேமரா, வின்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி) தாங்கும் பம்பர்.

மூன்றாவது கூடை சட்டை. விளக்கு, தரைவிரிப்பு, கூரை ரேக், சீட் உறை, ஸ்டிக்கர், பெரும்பாலான அடித்தகடுகள், டயர்.

ஒரு நேர்மையான விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். தொடுதிரையை முன்பெல்லாம் சட்டைக் கூடையில் போடுவோம். இப்போது ஏசியும் கேமராவும் டிரைவ் மோடும் அதற்குள்ளேயே புகுந்துகொண்டதால் அது சதைக்கும் எலும்புக்கும் நடுவே வந்துவிட்டது. திரை உங்களுக்கு முக்கியம் என்றால் அதை எலும்பாகவே எண்ணுங்கள்.

படி 3: இழுக்கும் அமைப்பைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இது ஒன்றுதான் கனம்.

முதலில், நீங்கள் பார்க்கும் வேரியன்ட் உண்மையில் 4 வீல் டிரைவ்தானா? அசட்டுக் கேள்விபோலத் தோன்றும். மஹிந்திரா தார் 2020-இல் புதிய தலைமுறையாக வந்தபோது எல்லாமே 4 வீல் டிரைவ். 2023 ஜனவரியில் பின் சக்கரங்களை மட்டும் இழுக்கும் தார் வந்தது. முகம், உயரம், தோரணை எல்லாம் அதே. லோ ரேஞ்ச் கிடையாது. நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது நல்ல பேரம். ஈரக் களிமண் ஏற்றத்தில் நிற்பவருக்கு அல்ல.

அடுத்து, 4 வீல் டிரைவ் எந்த வகை? பார்ட் டைம் அமைப்பில் 4 ஹையில் (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாது. சக்கரம் கொஞ்சம் வழுக்கினால்தான் இறுக்கம் அவிழும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்காது என்பதால் அங்கே 4 ஹை கூடாது. ஃபுல் டைம் அல்லது ஆட்டோ 4 வீல் டிரைவ் இருந்தால் பாதி ஈரம், பாதி காய்ந்த சாலையிலும் கவலையின்றி விட்டுவிடலாம். சில வண்டிகளில் இது வேரியன்ட்டோடு வரும், சிலவற்றில் தனி ஆப்ஷன். ஃபோர்டு பிராங்கோவில் அடிப்படை அமைப்பின் லோ ரேஞ்ச் விகிதம் 2.72. மேம்பட்ட அமைப்பில் ஆட்டோ 4 வீல் டிரைவும் சேர்ந்து 3.06. அந்த ஒரு வரிக்குள் இரண்டு நன்மைகள் ஒளிந்திருக்கின்றன.

இப்போது கிரால் விகிதம். முதல் கியர், லோ ரேஞ்ச், ஆக்ஸில் மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் கிடைக்கும் எண் இது. எஞ்சின் இத்தனை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று பொருள். 2018 மாடலாக வந்த ஜேஎல் தலைமுறை ஜீப் ரேங்ளரை எடுத்துக்கொள்வோம். 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71. ஸ்போர்ட் வேரியன்ட்டில் லோ ரேஞ்ச் 2.72, ஆக்ஸில் 3.45, பெருக்கினால் சுமார் 44. பாறைக்கென வந்த ரூபிகான் வேரியன்ட்டில் லோ ரேஞ்ச் 4.0, ஆக்ஸில் 4.10, பெருக்கினால் சுமார் 77.

இந்த எண்களைத் தரைக்குக் கொண்டுவருவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது என்று கொள்ளுங்கள். அவரவர் டயர் அளவோடு கணக்கிட்டால் ஸ்போர்ட் மணிக்கு ஏறத்தாழ 3.4 கி.மீ., ரூபிகான் ஏறத்தாழ 2 கி.மீ. வேகத்தில் ஊரும். நடக்கும் வேகத்துக்கும் தவழும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். பாறையில் ஒரு சக்கரத்தை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பிரேக்கை மிதிக்காமல் இறக்கிவைக்க இந்த வித்தியாசம் வேண்டும். சரளைப் பாதைக்கோ மணலுக்கோ 44 தாராளம். எந்த ரேங்ளர் வேண்டும் என்று யாராவது கேட்டால் முதல் தாளைக் காட்டச் சொல்வேன். பாறை இல்லையென்றால் ரூபிகான் பெயருக்காக மட்டும் போக வேண்டாம்.

இனி லாக். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற எவ்வளவு விசை தேவையோ, அந்தச் சொற்ப விசைதான் தரையில் இருக்கும் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி அசையாது. இதற்கு மூன்று மருந்துகள். ஒன்று, வெட்டியாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளுவது. இரண்டு, சக்கர வேக வித்தியாசம் கூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக். மூன்று, சுவிட்ச் போட்டால் பூட்டும் லாக்.

பிரோஷரில் முதல் வகையையும் 'டிஃபரன்ஷியல் லாக்' என்ற சொல் வருகிறமாதிரி எழுதிவிடுவார்கள். கெட்ட அமைப்பு அல்ல. நன்றாக நிரல் எழுதப்பட்ட பிரேக் டிராக்ஷன் கன்ட்ரோல் வியக்கவைக்கும். ஆனால் அது சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் விழிக்கும், நீண்ட சரிவில் பிரேக் சூடாகும். சுவிட்ச் லாக்கை வழுக்கும் முன்பே போட்டுவிடலாம். ஆகவே அட்டவணையில் 'மெக்கானிக்கல்', 'எலக்ட்ரானிக் முறையில் பூட்டும்', 'பிரேக் மூலம்' எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே டிக் குறியாக எண்ணாதீர்கள்.

ஒரே லாக் கிடைக்குமென்றால் பின்னால் இருக்கட்டும். ஏற்றத்தில் எடை பின் சக்கரத்துக்குத்தான் சாயும். முன் லாக் போட்டதும் ஸ்டியரிங் கல்லாகிவிடும். அது கடைசி ஆயுதம்.

எலும்பு எல்லா வேரியன்ட்டிலும் ஒன்றாக இருக்கும் வண்டிகளும் உண்டு. அப்போது வேலை சுலபம். ஐந்து கதவு சுஸுகி ஜிம்னி இந்தியாவில் ஸீட்டா, ஆல்ஃபா என இரண்டு வேரியன்ட்களில் வந்தது. லேடர் சேசிஸ் (ஏணி வடிவ அடிச்சட்டம்), முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், லோ ரேஞ்சோடு கூடிய ஆல்கிரிப் புரோ என்ற 4 வீல் டிரைவ் அமைப்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கீழ் வேரியன்ட்டில் ஸ்டீல் ரிம், மேலே அலாய். ஸ்டீல் ரிம் கல்லில் மோதினால் உடைவதைவிட வளைவதற்கே வாய்ப்பு அதிகம்; தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். கீழ் வேரியன்ட் காட்டில் தோற்காத அபூர்வமான இடம் இது.

2024 மாடலாக அமெரிக்காவில் வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் இன்னொரு நல்ல பாடம். '1958' என்ற அடிப்படை வேரியன்ட்டிலும் சென்டர் லாக், பின் லாக் இரண்டும் உண்டு. மேல் வேரியன்ட்டில் கூடுதலாக முன் ஸ்டெபிலைசர் பாரை (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி, படி 5-இல் வரும்) சுவிட்ச் மூலம் விடுவிக்கும் வசதியும், தரைக்கேற்ப டிராக்ஷனை மாற்றும் மோடுகளும் வரும். ஆக அங்கே கேள்வி 'லாக் வேண்டுமா' என்பதல்ல. 'ஸ்டெபிலைசர் பாரை விடுவிக்க வேண்டிய பாதையில் போவேனா' என்பது.

படி 4: டயரும் ரிம்மும்

மேல் வேரியன்ட்டுக்குப் போகப் போக ரிம் பெரிதாகும். சாலையில் பார்க்க அழகு. காட்டில் அது நட்டம், ஏனென்றால் ரிம் வளர்ந்த அளவுக்கு டயரின் பக்கச் சுவர் குறுகும். கல்லின் அடியை வாங்கிக்கொள்வதும், காற்றைக் குறைத்ததும் பரந்து மணலைப் பிடிப்பதும் அந்தச் சுவர்தான்.

டயரின் பக்கத்தில் உள்ள எண்ணை வைத்து நீங்களே கணக்கிடலாம். 285/70 ஆர்17 என்றால் அகலம் 285 மி.மீ., சுவர் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 199.5 மி.மீ., ரிம் 17 அங்குலம். முன்பு சொன்ன ரேங்ளரில் ரூபிகானின் டயர் இதுதான். சொகுசு வேரியன்ட்டான சஹாராவில் 255/70 ஆர்18, சுவர் 178.5 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 814 மி.மீ. அதே வெளி விட்டத்தில் ரிம் மட்டும் 20 அங்குலமானால் சுவர் சுமார் 153 மி.மீ.ஆகச் சுருங்கிவிடும்.

'டயரும் ரிம்மும் சட்டைக் கூடைதானே, வாங்கிய பிறகு சின்ன ரிம் போட்டுக்கொள்கிறேன்' என்பீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய எஞ்சின் அல்லது மேல் வேரியன்ட்டில் பிரேக் டிஸ்கும் காலிப்பரும் பெரிதாக வரலாம். அப்போது 17 அங்குல ரிம் உள்ளே நுழையாது. 'இந்த வேரியன்ட்டின் பிரேக்குக்குப் பொருந்தும் மிகச் சிறிய ரிம் எது?' என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் பிரிவில் கேளுங்கள், அங்கே தெரியும்.

பெரிய டயர் போடுவதிலும் கணக்கு உண்டு. 32 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் விட்டம் 9 சதவீதத்துக்குமேல் கூடும். ஏறக்குறைய அந்த அளவுக்கு இழுவை குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். பிராங்கோவின் சாஸ்குவாட்ச் பேக்கை நான் மதிப்பது இதனால்தான். 35 அங்குல டயர், அதற்கு ஈடுகட்ட 4.7 விகித ஆக்ஸில், முன்பின் லாக், பில்ஸ்டைன் நிறுவன ஷாக், அகன்ற ஃபெண்டர் எல்லாம் ஒரே கட்டாக வருகின்றன. கீழ் வேரியன்ட்டிலும் வாங்க முடிந்தது. சொகுசு வேண்டாம், எலும்பு மட்டும் போதும் என்பவருக்கு இப்படிப்பட்ட பேக் ஒரு வரம். எந்த நிறுவன வண்டியைப் பார்த்தாலும் 'கீழ் வேரியன்ட் + எலும்பு பேக்' என்ற சேர்க்கை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஸ்டெப்னி: முழு அளவா, ஓடும் டயர் அளவேதானா, அதே வகை ரிம்மா? சில வேரியன்ட்களில் பஞ்சர் கிட் மட்டும் கொடுப்பார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த கிட் எதற்கும் உதவாது.

படி 5: கோணங்கள், சஸ்பென்ஷன், தண்ணீர்

கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று கதவு ஜிம்னிக்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் கிளியரன்ஸ் ஒன்றே, 210 மி.மீ. ஆனால் வீல்பேஸ் 2250 மி.மீ.யிலிருந்து 2590 மி.மீ.ஆக நீண்டதால், மேட்டின் முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகையாகக் குறைந்துவிட்டது. நுழையும் கோணம், வயிற்றுக் கோணம், வெளியேறும் கோணம் மூன்றையும் அந்தந்த வேரியன்ட்டுக்கு எழுதி வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் சிறந்த வேரியன்ட்டின் சிறந்த நிலை. கீழே தொங்கும் பம்பர் உதடு, பக்கவாட்டுப் படி, பின் டிரெய்லர் கொக்கி எது சேர்ந்தாலும் அந்தக் கோணம் உங்களுடையது அல்ல.

பக்கவாட்டுப் படியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறி இறங்க வசதி, சரி. ஆனால் மெல்லிய படி பாறையில் முதலில் மடங்கும், மடங்கிக் கதவின் அடிப்பாகத்தையும் நசுக்கும். சேசிஸோடு பொருத்தும் ராக் ஸ்லைடர் வேறு பொருள். வண்டியின் முழு எடையும் அதன்மேல் விழுந்தாலும் தாங்க வேண்டும். அட்டவணையில் இரண்டும் சிலசமயம் ஒரே பெயரில் நிற்கும்.

ஏர் சஸ்பென்ஷன் பெரிய முடிவு. உயர்த்தினால் கோணமும் கூடும், தண்ணீர் ஆழமும் கூடும்; தற்போதைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 900 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பது ஏர் சஸ்பென்ஷனோடு சொல்லப்படும் கணக்கு. சாலையில் சவாரியும் மெத்தென்று இருக்கும். மறுபக்கம், காற்றுப்பை, கம்ப்ரஸர், சென்சார் என்று பழுதாகக்கூடிய பொருள்கள் கூடுகின்றன. சர்வீஸ் சென்டரிலிருந்து பல நாள் தூரம் போகிறவர் என்றால் சுருள் ஸ்பிரிங்கை எடுங்கள் என்பேன். வார இறுதிக்காரர் என்றால் ஏர் நல்லது.

ஸ்டெபிலைசர் பார், இடது வலது சக்கரங்களைக் கட்டிப் போட்டு, சாலைத் திருப்பத்தில் வண்டி சாயாமல் காக்கிறது. அதே கட்டு, பள்ளத்தில் ஒரு சக்கரம் கீழே இறங்க விடாமல் தடுக்கிறது. சுவிட்ச் போட்டு அதை விடுவிக்கும் வசதி இருந்தால் நான்கு சக்கரமும் அதிக நேரம் தரையில் இருக்கும். லாக்குக்கு அடுத்து நான் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் வசதி இது.

தண்ணீர் ஆழம் என்பது எஞ்சின் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. ஆக்ஸில், கியர்பாக்ஸ் இவற்றின் மூச்சுக்குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்பதும் அதில் அடக்கம். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்நார்க்கலை (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) மட்டும் ஆப்ஷனாக விற்று, மூச்சுக்குழாயை உயர்த்தாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படி 6: எடைக் கணக்கு

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. மேல் வேரியன்ட்டில் கண்ணாடிக் கூரை, மின் சீட், பெரிய ரிம் எல்லாம் சேர்ந்து வெற்று எடை கூடும். மொத்த எடை வரம்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆக, அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த சுமையை வாங்குகிறோம்.

உதாரணத்துக்கு, வரம்பு 2700 கிலோ, வெற்று எடை 2150 கிலோ, மிச்சம் 550. நான்கு பெரியவர்கள் 300, பெட்டி படுக்கை 80, கூரை ரேக் 30, கூரைக் கூடாரம் 60, தண்ணீரும் கூடுதல் எரிபொருளும் 50. கூட்டினால் 520. இன்னும் 30 கிலோதான் இடம். இதன்மேல் வின்ச்சும் ஸ்டீல் பம்பரும் 80 கிலோ என்றால் புறப்படும் முன்பே 50 கிலோ அதிகம். பிரேக்கும் ஸ்பிரிங்கும் டயரும் அந்த வரம்புக்குத்தான் கணக்கிடப்பட்டவை.

வெற்று எடையிலும் ஒரு நுணுக்கம். ஐரோப்பிய முறையில் ஓட்டுநருக்கு 75 கிலோ முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற இடங்களில் அப்படி இருக்காது. இரண்டு வெவ்வேறு வண்டிகளை ஒப்பிடும்போது எந்த முறை என்று பாருங்கள்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. ஓடும்போது தாங்கும் எடை ஒன்று, நின்றிருக்கும்போது தாங்கும் எடை வேறு. கண்ணாடிக் கூரை உள்ள வேரியன்ட்டில் முதல் எண் குறைவாக இருக்கக்கூடும்.

படி 7: ஆப்ஷன் பட்டியலை வேகமாகக் கடப்பது

டிரெய்லர் இழுக்காவிட்டாலும் டோயிங் பேக்கைப் படியுங்கள். கொக்கியோடு பெரிய ஆல்டர்னேட்டர், கூடுதல் குளிரூட்டல், தடித்த வயரிங் ஆகியவை அதற்குள் வரலாம். வின்ச், ஃபிரிட்ஜ், விளக்கு போட நினைப்பவருக்கு அது தான் உண்மையான பரிசு.

நிறுவனமே பொருத்தும் வின்ச் விலை அதிகம்தான். ஆனால் முன் ரேடார், ஏர்பேக் சென்சார், ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி மூன்றையும் அவர்கள் சோதித்திருப்பார்கள். வெளியே பம்பர் மாற்றினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். ரேங்ளர் ரூபிகானில் 2024 மாடலிலிருந்து இப்படி நிறுவன வின்ச்சும், வண்டியின் எடை ஷாஃப்ட்டின்மேல் விழாத ஃபுல் ஃப்ளோட் பின் ஆக்ஸிலும் வந்தன.

முன் கேமரா: பொம்மை என்று நினைத்திருந்தேன். முகட்டில் பானட் வானத்தைப் பார்க்கும்போது அப்பால் பாதை இடமா வலமா என்று காட்டியது அதுதான். எடுங்கள்.

அடித்தகடு: அது பிளாஸ்டிக்கா அலுமினியமா ஸ்டீலா, எதை மூடுகிறது என்று கேளுங்கள். எரிபொருள் டேங்க், டிரான்ஸ்ஃபர் கேஸ், எஞ்சின் ஆயில் தொட்டி மூன்றும் மூடியிருக்க வேண்டும். மீட்புக் கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றாவது, சேசிஸோடு இணைந்து இருக்க வேண்டும். கப்பலில் கட்டிவைக்கப் போட்ட மெல்லிய வளையத்தை மீட்புக் கொக்கி என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்லர் பந்தில் கயிறு மாட்டி இழுப்பது ஆளைக் கொல்லும் வேலை. பந்து உடைந்தால் குண்டாகப் பறக்கும்.

கழுவக்கூடிய சீட், வடிகால் உள்ள ரப்பர் தரை கீழ் வேரியன்ட்டில் வந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ரிம், கறுப்பு கிரில், பெயர் பொறித்த ஸ்டிக்கரோடு வரும் 'அட்வென்ச்சர்' எடிஷன்களில் எலும்புக் கூடையில் போட ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல நேரம் ஒன்றும் இருக்காது.

படி 8: வித்தியாசத்தை மட்டும் விலை பேசுங்கள்

இப்போது வேரியன்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதி, அந்தப் படி ஏறினால் புதிதாகக் கிடைப்பவற்றை அதன் கீழே எழுதுங்கள். சட்டைக் கூடையில் உள்ளதை அடித்துவிடுங்கள். சதைக் கூடையில் உள்ளதற்கு வெளியே என்ன செலவாகும் என்று விசாரித்து எழுதுங்கள். மிஞ்சிய எலும்புக்கு மீதித் தொகை தகுமா என்பதுதான் முடிவு. பன்னிரண்டு புது வசதிகளில் பத்து அடிபட்டு, ஒரு பின் லாக்கும் ஒரு ஆக்ஸில் விகிதமும் மட்டும் மிஞ்சும் படியும் உண்டு. உங்கள் முதல் தாளில் பாறை இருந்தால் அந்தப் படி ஏறத்தக்கதே. பன்னிரண்டும் அடிபடும் படியும் உண்டு.

சேராத சேர்க்கைகளையும் இப்போதே கண்டுபிடியுங்கள். பிராங்கோ வந்த புதிதில் சாஸ்குவாட்ச் பேக்கை மேனுவல் கியர்பாக்ஸோடு எடுக்க முடியாது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கேட்டுத்தான் பிறகு சேர்த்தார்கள். 'இந்த லாக் வேண்டுமென்றால் கண்ணாடிக் கூரையும் எடுத்தாக வேண்டும்' என்பது போன்ற கட்டாயங்களும் நட்சத்திரக் குறிக்குள் இருக்கும்.

படி 9: நீங்கள் வாங்கும் அதே வேரியன்ட்டின் அடியில் படுங்கள்

ஷோரூமில் ஓட்டக் கொடுப்பது பெரும்பாலும் டாப் வேரியன்ட். அதை ஓட்டிவிட்டுக் கீழ் வேரியன்ட்டை புக் செய்தால் வீட்டுக்கு வருவது வேறு வண்டி. சஸ்பென்ஷனும் டயரும் வேறாக இருந்தால் அதே வேரியன்ட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு பழைய விரிப்பு கொண்டுபோய் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நான் முதல்முறை இப்படிப் படுத்தபோது விற்பனையாளர் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று தேட வந்துவிட்டார். மேலே இருந்து பார்த்தால் தெரியாதது கீழே தெரியும்: மிகத் தாழ்ந்த பொருள் எது, சைலன்சர் எங்கே தொங்குகிறது, ஷாக்கின் கீழ்முனை கல்லுக்கு நேராக நிற்கிறதா, தகடு எங்கே முடிகிறது, வயரும் பிரேக் குழாயும் குச்சியில் சிக்கும் இடத்தில் ஓடுகின்றனவா. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வேரியன்ட்டிலும்.

ஓட்டும்போது லோ ரேஞ்சில் போட்டுப் பாருங்கள். நெம்புகோலா, குமிழா? எத்தனை முயற்சியில் விழுகிறது? லோவில் ஆக்ஸிலேட்டர் மென்மையாகிறதா, தொட்டாலே பாய்கிறதா?

படி 10: ஆர்டர் தாளும் டெலிவரியும்

ஆர்டர் தாளில் வேரியன்ட் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஆக்ஸில் விகிதம், லாக், டயர் அளவு, ஸ்டெப்னி வகை, எடுத்த பேக் ஒவ்வொன்றும் எழுத்தில் வர வேண்டும். ஒரே வேரியன்ட் பெயரில் மாடல் ஆண்டு மாறும்போது உள்ளடக்கம் மாறும், சில நேரம் ஆண்டின் நடுவிலேயே மாறும். பிரோஷரின் அடியில் 'முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்குட்பட்டது' என்று எழுதியிருப்பது சும்மா அல்ல.

டெலிவரி நாளில் மாலையும் சாவியும் வருமுன் ஐந்து டயரின் பக்க எண்களையும் படியுங்கள், ஐந்தாவது ஸ்டெப்னி. ஜாக் அந்த உயரத்தைத் தூக்குமா, ரிம் பூட்டின் சாவி உள்ளே இருக்கிறதா, முன் கொக்கிகள் கையில் ஆடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வண்டியை அருகிலுள்ள சரளை அல்லது மண் தரைக்குக் கொண்டுபோய் 4 ஹை, 4 லோ, லாக் என ஒவ்வொன்றாக, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெல்ல நகர்த்திப் போடுங்கள். லாக் விளக்கு முதலில் மினுக்கும். பற்கள் பொருந்தியதும் நிலையாக எரியும். சில மீட்டர் உருண்டும் அது மினுக்கிக்கொண்டே இருந்தால், ரசீதில் கையெழுத்திடாமல் சர்வீஸ் பிரிவின் ஆளை அங்கேயே கூப்பிடுங்கள்.